ஒரே ஒரு வயர்: இரண்டு கணினிகள் பேசிக்கொண்ட கதை



பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான் என்று குறைப்படாத தாய் இன்று தோட்டத்திலும் இல்லை, பட்டணத்திலும் இல்லை. அண்ணன் ஒரு மூலையில், தம்பி ஒரு மூலையில். இருவரும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் அல்ல. முகம் தெரியாத யாரோ ஒருவரோடு! மாதம் முடிவதற்குள் ‘டாட்டா தீர்ந்துவிட்டது’ என்று அப்பாவிடம் காசு கேட்கிறார்கள். பாகான் நக்கோடா ஓமார், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வீடுகளில் லைன் சரியாகக் கிடைக்காத நாளென்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகளின் முகம் வாடிவிடும். வீட்டில் சண்டை மூண்டுவிடும்.

இரண்டு கணினிகளை அருகருகே வைத்து, நடுவில் ஒரே ஒரு வயரைப் போட்டுவிட்டால், இணையமும் வேண்டாம், டாட்டாவும் வேண்டாம், அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டத்தைச் சேர்ந்து ஆடலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பலாம். இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பு உலகம் முழுவதும் பிள்ளைகள் அப்படித்தான் ஆடினார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம். விளையாட்டுக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் உங்கள் பிள்ளையின் அறிவும் அடங்கியிருக்கிறது, நாளைய பிழைப்பும் அடங்கியிருக்கிறது.

ஒரு பெட்டி, இரண்டு கைப்பிடி

1990-ஆம் ஆண்டுகளில் நம் வீடுகளுக்கு வந்த ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டி பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்தது அது. தொலைக்காட்சியில் மாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடியாக இருவர் உட்கார்ந்து ஆடுவார்கள். அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு குறை உண்டு. திரை ஒன்றுதான். நான் எங்கே போகிறேன், எங்கே ஒளிகிறேன் என்பது உனக்குத் தெரிந்துவிடும். எதிராளியின் கையைப் பார்த்துக்கொண்டே சீட்டாடினால் சுவை இருக்குமா? ஆளுக்கொரு திரை வேண்டும். ஆனால் ஆட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும்.

மாணவர்கள் போட்ட முதல் வயர்

இந்த யோசனை பெரிய கம்பெனி முதலாளி யாருக்கும் முதலில் தோன்றியதல்ல. 1973-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நாசா விண்வெளி நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில், மாணவர்களாக இருந்தபோதே வேலை பழகிக்கொண்டிருந்த ஸ்டீவ் காலி, ஹோவர்ட் பால்மர், கிரெக் தாம்சன் என்ற மூன்று இளைஞர்களுக்குத் தோன்றியது. அங்கே ‘இம்லாக்’ என்ற கணினிகள் இருந்தன. அதில் சுவர்களும் சந்துகளும் நிறைந்த ஒரு சுற்றுவழிக் கோட்டையை வரைந்து, அதற்குள் நடந்து போவதுபோல் ஓர் ஆட்டம் செய்தார்கள். ‘மேஸ்’ என்பது அதன் பெயர்.

தனியாக நடந்து நடந்து சலித்துப் போயிற்று. கோட்டைக்குள் இன்னொரு மனிதன் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினார்கள். இரண்டு இம்லாக் கணினிகளுக்கு நடுவே ஒரு வயரை இழுத்தார்கள். ஒருவன் நிற்கும் இடத்தை மற்றக் கணினிக்கு அந்த வயர் சொன்னது. சந்து திரும்பினால் எதிரே ஒரு பெரிய கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்தான் பக்கத்துக் கணினியில் இருக்கும் உங்கள் நண்பன்! இன்று கோடிக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டங்களுக்கெல்லாம் இது ஒரு மூத்த பாட்டன்.

1987-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. ‘அட்டாரி எஸ்.டி.’ என்ற கணினியில் இசைக்கருவிகளை மாட்டுவதற்கென்று ‘மிடி’ எனும் துளைகள் இருந்தன. பாட்டுக்காக வைத்த அந்தத் துளைகளில் வயரைச் சொருகி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என வட்டமாக 16 கணினிகள் வரை இணைத்து ஆடும்படி ‘மிடி மேஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். கையில் இருப்பதை வைத்துக் காரியம் சாதிப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதா என்ன? அதே புத்திதான் அங்கேயும் வேலை செய்தது.

வாயும் காதும்

சரி, வயரைப் போட்டால் மட்டும் போதுமா? போதாது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு.

தொலைபேசியை நினைத்துக்கொள்ளுங்கள். என் வாய்க்கு நேரே இருப்பது உங்கள் காதுக்குப் போக வேண்டும். உங்கள் வாய்க்கு நேரே இருப்பது என் காதுக்கு வர வேண்டும். வாயோடு வாயை இணைத்தால் இருவரும் பேசிக்கொண்டே இருப்போம், யாருக்கும் எதுவும் கேட்காது.

கணினியும் அப்படித்தான். பழைய கணினிகளின் பின்புறம் 9 ஊசிகள் கொண்ட ஒரு வாய் இருக்கும். அதில் 3-ஆம் ஊசி பேசுவது. 2-ஆம் ஊசி கேட்பது. 5-ஆம் ஊசி இரண்டுக்கும் பொதுவான தரைக் கம்பி. ஆகவே ஒரு கணினியின் 3-ஆம் ஊசியை மறு கணினியின் 2-ஆம் ஊசிக்கும், இதன் 2-ஐ அதன் 3-க்கும் குறுக்கே மாற்றிப் போட வேண்டும். இப்படி மாற்றிக் கட்டிய வயருக்கு ‘நல் மோடம்’ கேபிள் என்று பெயர். சுமார் 50 அடி, அதாவது 15 மீட்டர் நீளம் வரை இதை நம்பி இழுக்கலாம் என்பது பொதுக் கணக்கு.

1993 டிசம்பர் 10-ஆம் நாள் அமெரிக்காவில் ‘ஐடி சாஃப்ட்வேர்’ என்ற சிறு நிறுவனம் ‘டூம்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ முதலியோர் எழுதியது. அதை இந்த வயரால் இருவர் ஆடலாம். அலுவலக வலைப்பின்னலில் நால்வர் ஆடலாம். உலகமே அதன் பின்னால் ஓடியது. அலுவலகங்களில் வேலை நின்றுபோய், சில இடங்களில் ‘இங்கே டூம் ஆடக்கூடாது’ என்று உத்தரவே போட்டார்கள். இரத்தம் சிந்தும் ஆட்டம் அது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் ‘என் கணினி உன் கணினியோடு பேசும்’ என்பதைப் பல வீடுகளுக்குக் காட்டிக்கொடுத்த ஆட்டமும் அதுதான்.

படம் போவதில்லை, சேதிதான் போகிறது

இத்தனை மெல்லிய வயரில் எப்படி ஒரு போர்க்களமே ஓடுகிறது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி!

தோட்டத்தில் இரண்டு கிராணிகள், இரண்டு அலுவலகம். இருவரிடமும் ஒரே மாதிரியான பெயர்ப் பதிவேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலைப் பெரட்டு முடிந்ததும் முழுப் பதிவேட்டையும் ஒருவர் மற்றவருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? வேண்டாம். ‘இன்று 7-ஆம் எண் வரவில்லை, 12-ஆம் எண் மாற்று வேலைக்குப் போயிற்று’ என்று இரண்டு வரி சொல்லி அனுப்பினால் போதும். அவர் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும்.

கணினி ஆட்டமும் அதே கணக்குத்தான். கோட்டை, மரம், வீரர்கள் எல்லாம் இரண்டு கணினியிலும் முன்பே இருக்கின்றன. வயரில் படம் போவதில்லை. ‘இவன் இடப்பக்கம் திரும்பினான், இந்தப் பொத்தானை அழுத்தினான்’ என்ற சேதி மட்டும் போகிறது. டூம் ஆட்டத்தில் நொடிக்கு 35 முறை இந்தக் கணக்கு நடக்கும். 1997-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆட்டத்தில் 8 பேர் சேர்ந்து, நூற்றுக்கணக்கான வீரர்களை நடத்தியதும் இதே முறையில்தான். இரண்டு பதிவேடும் ஓர் இடத்தில் மாறுபட்டுவிட்டால்? ஆட்டம் நின்றுவிடும். கணக்குப் பிசகினால் கிராணிக்குத் தூக்கம் வருமா?

ஒரு தட்டு, பல பிள்ளைகள்

அந்தக் காலத்து ஆட்டங்களில் இன்னொரு நல்ல குணமும் இருந்தது. காசு இல்லாத வீட்டுப் பிள்ளையையும் அவை நினைத்தன. 1996-இல் வந்த ‘ரெட் அலர்ட்’ என்ற போர் ஆட்டம் ஒரே பெட்டியில் இரண்டு தட்டுகளாக வந்தது. ஒரு தட்டை நீ போடு, மறு தட்டை நான் போடுகிறேன் என்று இருவர் பங்கு போட்டு ஆடலாம். 1998-இல் ‘பிலிசார்ட்’ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்கிராஃப்ட்’டில், ஒருவர் தட்டு வாங்கினால், சேர்ந்து ஆடுவதற்கு மட்டும் 8 பேர் வரை அதைப் பயன்படுத்திக்கொள்ள நிறுவனமே வழி செய்திருந்தது. திருட்டு அல்ல, அனுமதியோடு பகிர்வது.

விளக்குச் சரமும் சைபர் கஃபேயும்

இருவருக்கு மேல் ஆட வேண்டுமென்றால் ‘ஈதர்நெட்’ தேவைப்பட்டது. 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் வகுத்த முறை இது. முதலில் வீடுகளிலும் கடைகளிலும் புழங்கியது தொலைக்காட்சி ஏரியல் வயரைப் போன்ற ஒரு கேபிள். ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குச் சரமாகப் போகும். இரண்டு நுனியிலும் ஒரு மூடி போட வேண்டும். நடுவில் ஒருவர் வயரைப் பிடுங்கினால் எல்லோருடைய ஆட்டமும் நின்றுவிடும். தீபாவளிக்குப் போடும் சில விளக்குச் சரங்களில் ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் அணைந்துவிடுமே, அப்படி! பிறகு 1990-இல் முறைப்படுத்தப்பட்ட 8 கம்பி கேபிளும், நடுவில் ஒரு பெட்டியும் வந்தன. ஒருவர் எழுந்து போனாலும் மற்றவர் ஆடலாம்.

நம் நாட்டில் 1990-ஆம் ஆண்டுகளின் கடைசியிலும் 2000-க்குப் பிறகும் சைபர் கஃபேக்கள் பெருகின. வரிசையாகக் கணினிகள், எல்லாம் ஒரே வலைப்பின்னலில். பள்ளி விட்ட பிள்ளைகள் அங்கே போய் ‘கவுண்டர் ஸ்டிரைக்’, ‘டோட்டா’ ஆடினார்கள். வீட்டுக்கு நேரத்தில் வராத பிள்ளையைத் தேடி அப்பாமார் சைக்கிளில் அலைந்ததும் உண்டு. பெற்றோர் கவலை நியாயமானது.

ஆனால் அத்தகைய கடைகளில் தொடங்கிய பழக்கம் மலேசியாவுக்குப் பெயரும் வாங்கிக் கொடுத்தது. 2013-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்த ‘தி இன்டர்நேஷனல்’ டோட்டா போட்டியில், ‘முஷி’ என்று அழைக்கப்படும் சாய் யீ ஃபூங் ஆடிய மலேசியாவின் ‘ஆரஞ்ச்’ அணி உலகிலேயே மூன்றாம் இடம் பெற்றது. 2019-இல் பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் கணினி ஆட்டத்துக்கு முதன்முறையாகப் பதக்கம் வைத்தார்கள். அதற்காக, எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கும் என்று யாரும் கனவு காண வேண்டாம். ஆயிரத்தில் ஒருவருக்குக் கிட்டுவது அது. ஆனால் வயரைப் போடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கிட்டும் பலன் வேறு. அது எல்லோருக்கும் கிட்டக்கூடியது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

வயரை எடுத்துவிட்டவர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கவனித்துப் படியுங்கள்.

ஒரே தட்டில் 8 பேரை ஆடவிட்ட அதே பிலிசார்ட் நிறுவனம், 2010-இல் ‘ஸ்டார்கிராஃப்ட்’டின் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது, கணினிகளை நேரடியாக இணைத்து ஆடும் வசதியை எடுத்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஆட வேண்டுமானாலும், சேதி இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் திரும்பி வர வேண்டும். ஆட்டக்காரர்கள் எவ்வளவோ வேண்டிக் கேட்டும் பயனில்லை. இன்று கைப்பேசியில் வரும் பல ஆட்டங்களும் இப்படித்தான்.

இதில் என்ன நட்டம் என்கிறீர்களா? ‘கேம்ஸ்பை’ என்ற நிறுவனம் பல ஆட்டங்களுக்கு இணையத்தில் ஆளைச் சேர்த்துவிடும் தரகராக இருந்தது. 2014 மே 31-ஆம் நாள் அது கடையை மூடியது. அதை நம்பியிருந்த பல ஆட்டங்களில் இணையம் வழி சேர்ந்து ஆடும் வழி அன்றோடு அடைபட்டது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் தட்டு இருந்தது, ஆட்டம் இல்லை. ஆனால் வயர் போட்டு ஆடும் வசதி இருந்த ஆட்டங்கள்? அவை சாகவில்லை. 1993-இல் வந்த டூமை இன்றும் இரண்டு கணினிகளில் ஆடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரே கடையில் பற்று வைத்து, அவர் சொன்ன விலைக்கு, அவர் திறந்த நேரத்துக்குச் சாமான் வாங்கிய காலம் நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் காசு போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். நடுவில் இன்னொருவர் தயவு இல்லாமல் நம்முடையதை நாமே நடத்துவது என்பதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வயர் சின்னப் பொருள்தான். ஆனால் அது சொல்லிக் கொடுக்கும் பாடம் அதே பாடம்தான்.

வீட்டில் செய்து பார்க்க

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இரண்டு பழைய கணினிகள் இருந்தால் போதும். முறை இதோ:

முதலாவது, கணினிக் கடையில் ஒரு ஈதர்நெட் கேபிள் வாங்குங்கள். சில வெள்ளிதான் ஆகும். மிகப் பழைய கணினிகளுக்குக் குறுக்கே மாற்றிக் கட்டிய கேபிள் தேவைப்படும். அதில் 1-ஆம் கம்பி 3-க்கும், 2-ஆம் கம்பி 6-க்கும் மாறியிருக்கும். இன்றைய கணினிகள் பெரும்பாலும் வாய் எது, காது எது என்று தாமே அறிந்து மாற்றிக்கொள்ளும். சாதாரண கேபிளே போதும். மெல்லிய மடிக்கணினியில் துளை இல்லாவிட்டால் அதற்கொரு சிறு இணைப்பான் கடையில் கிடைக்கும்.

இரண்டாவது, வைஃபையை நிறுத்திவிட்டு வயரைச் சொருகுங்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு எண் இருப்பதுபோல் கணினிக்கும் எண் வேண்டும். ‘ஐபி முகவரி’ கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2 என்று கொடுங்கள். அதன் கீழே ‘சப்நெட் மாஸ்க்’ கேட்கும் இடத்தில் இரண்டுக்கும் 255.255.255.0. இரண்டு வீட்டுக்கு ஒரே எண் கொடுத்தால் தபால்காரர் திகைப்பார். ஆகவே எண்கள் வேறு வேறாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஆட்டத்தைத் திறந்து ஒருவர் ‘லேன்’ ஆட்டம் தொடங்க, மற்றவர் அதில் சேர வேண்டும். கணினியின் காவல் மென்பொருள் ‘அனுமதிக்கலாமா?’ என்று கேட்டால், வீட்டு வலைப்பின்னலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஆட்டத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ‘சூப்பர் டக்ஸ் கார்ட்’ என்ற வண்டிப் பந்தயம் இருக்கிறது. கொஞ்சம் பெரியவர்களுக்கு ரயிலும் பேருந்தும் விட்டு வாணிகம் நடத்தும் ‘ஓப்பன் டிடிடி’ இருக்கிறது. இரண்டும் சட்டப்படி இலவசம். இவற்றைத் தரவிறக்க ஒருமுறை மட்டும் இணையம் வேண்டும். பிறகு வேண்டாம்.

கணினி இல்லாத வீட்டில் கைப்பேசியே உதவும். ஒரு கைப்பேசியில் ‘ஹாட்ஸ்பாட்’டைத் திறந்து, டாட்டாவை நிறுத்திவிட்டு, மற்றக் கைப்பேசிகளை அதில் சேர்த்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வயர்தான். இந்தியாவின் கல்லூரி விடுதிகளில் ‘மினி மிலிஷியா’ என்ற ஆட்டத்தை மாணவர்கள் இப்படித்தான் கூட்டமாக ஆடினார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். யுஎஸ்பி முறையை உருவாக்கிய இன்டெல் குழுவின் தலைவர் அஜய் பட் இந்தியாவில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. ஆனால் இரண்டு பக்கமும் தட்டையான தலையுள்ள சாதாரண யுஎஸ்பி வயரை இரண்டு கணினிக்கும் நடுவே சொருகாதீர்கள். இரு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாய்ந்து கணினி கெட்டுவிடக்கூடும். அடுத்தது, நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். வயரை ஒரே வீட்டுக்குள் வையுங்கள்; அடுத்த வீட்டுக்கு வெட்டவெளியில் இழுக்காதீர்கள். வானம் கறுத்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

அம்மா, ஐயா! ஆட்டமே கூடாது என்று தடுத்தால் பிள்ளை ஒளிந்து ஆடும். உங்கள் கண்ணெதிரே, கூடத்தில், வயர் போட்டு ஆடட்டும். பாடம் முடித்த பிறகு, நேரம் குறித்து. எதிராளி யார் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் இன்னொரு பிள்ளை. தோற்றால் முகம் சுளிப்பதும், வென்றால் தோளில் தட்டுவதும் உங்கள் எதிரிலேயே நடக்கும். விட்டுக்கொடுக்கும் குணம் வளர்வது அப்படித்தான்.

முதல் நாள் ஆட்டம் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வயரா, எண்ணா, அனுமதியா என்று ஒவ்வொன்றாகத் தேடுவார்கள். உடனே கடைக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்! அந்தத் தேடல்தான் படிப்பு. வங்கியிலும், மருத்துவமனையிலும், தொழிற்சாலையிலும் கணினிகளை இணைத்து வைத்திருப்பவர்கள் செய்யும் வேலையும் இதேதான், அளவுதான் பெரிது. இந்த வேலையை முறையாகக் கற்க ‘சிஜில் கெமாஹிரான் மலேசியா’ எனும் திறன் சான்றிதழ் இருக்கிறது. 1 முதல் 3 வரை சான்றிதழ் படிகள். 4-ஆம் படி டிப்ளோமா. 5-ஆம் படி உயர் டிப்ளோமா. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த புள்ளிகள் வராத பிள்ளைக்கும் அந்தக் கதவு மூடவில்லை.

ஆட்டத்தை ஆடுபவன் வாடிக்கையாளன். ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று அறிந்தவன் தொழிலாளி. அதைத் தானே இணைத்து நடத்தத் தெரிந்தவன் எசமான். உங்கள் வீட்டுப் பிள்ளை மூன்றாவது ஆளாக வரட்டும். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு வயர் வாங்கிக் கொடுத்துப் பாருங்களேன்!